கழிக்காரி சக்கரம் பிடித்த நாள்

காலை ஆறே காலுக்கு நதி அலுவலகத்துப் பரிசோதகர் படகில் ஏறினார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. குளிரில் மூக்கு சிவந்திருந்தது. கையில் பழுப்பு நிறக் கோப்பு ஒன்று, காதுமடலில் ஒரு பென்சில். வணக்கம் சொல்லிவிட்டுச் சக்கர அறையின் மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அரை நிமிஷம் ஆவதற்குள் கேப்டன் அவருக்குப் பென்சிலம்மா என்று பெயர் வைத்துவிட்டார். மனைவியின் காதில்தான் சொன்னார். ஆனால் கேப்டன் காதில் சொல்லும் ரகசியம் அக்கரையில் நிற்பவருக்கும் கேட்கும். பென்சிலம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கோப்பைப் பிரித்தார்.

கேப்டன் என்றதும் கடல் கடலாகச் சுற்றியவர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். மேலேயும் கீழேயும் போய் வந்தது போதும், இனிமேல் நேராகப் போகிறேன் என்று சொல்லி, மகனுக்கு வேலை கிடைத்த மறு வருஷமே பதினோரு மீட்டர் நீளத்தில் ஒரு பழைய இரும்புப் படகை வாங்கினார். மனைவி பள்ளிச் சீருடை தைத்துக்கொடுக்கும் கடை வைத்திருந்தாள். நாலு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் கடையைப் பூட்டிவிட்டுத் தையல் மெஷினோடு வந்து ஏறினாள். பதினோரு வருஷமாகப் படகுதான் வீடு. ஒரு பருவத்தில் ஆற்றோடு இறங்குவார்கள், மறு பருவத்தில் ஏறி வருவார்கள். அவர் பின்னால் சக்கரம் பிடிப்பார். அவள் முன்முனையில் நின்று நீளக் கழியைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்துச் சொல்வாள். ஆற்றில் அவளுக்குக் கழிக்காரி என்று பெயர். சொந்தப் பெயர் எழுதி யாராவது கடிதம் போட்டால் அது வந்து சேர்வது சந்தேகம்தான்.

இப்போது அந்தக் கழிக்காரி சக்கரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். கேப்டனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாக இல்லை, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, தூரத்தில் இருப்பதெல்லாம் நனைந்த காகிதம் மாதிரி. மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை. உரிமச் சீட்டைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போன இடத்தில், வரிசையில் முன்னால் நின்றவர் படித்த எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போய் அப்படியே ஒப்பித்தார். டாக்டர் மெச்சிக்கொண்டார். பிறகு பலகையை மாற்றி வைத்துவிட்டு, இப்போது படியுங்கள் என்றார். கேப்டன் பழைய பாட்டையே பாடினார். அதோடு கதை முடிந்தது. இருக்கும் சீட்டு இன்று நள்ளிரவு வரைக்கும் செல்லும். நாளையிலிருந்து செல்லாது.

படகில் சீட்டு உள்ளவர் ஒருவராவது இருக்க வேண்டும். இல்லாத படகு துறையில் நிற்கக்கூட அனுமதி இல்லை, கரையேற்றிவிடுவார்கள். இன்று நடக்கும் ஓட்டுநர் தேர்வை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். அதற்குள் படகை வாங்கிக்கொள்ள மகன் ஓர் ஆளைப் பார்த்து வைத்திருந்தான். நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஒன்பதாவது மாடியில் அவர்களுக்கென்று ஓர் அறையும் ஒழித்து, கட்டில் போட்டு, திரைச்சீலை மாட்டி வைத்திருந்தான். அந்த ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல் தெரியும். லிஃப்ட் மட்டும் அருமையாக வேலை செய்யும், அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கேப்டன் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து, அன்றைக்கே அவள் போய்த் தேர்வுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். அவருக்காகத்தான் எழுதுகிறேன் என்று மகனிடம் போனில் சொன்னாள். அப்போது அவளும் அதை நம்பினாள்.

பென்சிலம்மா விதிகளைச் சொன்னார். நூற்றுப் பத்து கிலோமீட்டர் கீழே இருக்கும் நகரத்துப் படகுத்துறையில், சூரியன் மறைவதற்குள் கயிறு கட்டியாக வேண்டும். சக்கரமும் இன்ஜின் லீவரும் வழி முழுக்கத் தேர்வு எழுதுபவர் கையில். கூட வருபவர் வேலையாள். கயிறு பிடிக்கலாம், கழி போடலாம், ஆழம் எத்தனை என்று சொல்லலாம். எப்படி ஓட்டுவது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சக்கரத்தையோ லீவரையோ தொட்டால் தேர்வு அங்கேயே முடிந்தது.

வேலையாள் என்ற சொல்லைக் கேட்டதும் கேப்டனின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கழியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்முனைக்கு நடந்தார். தளத்தில் எது எங்கே இருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரியும், ஒன்றிலும் இடித்துக்கொள்ளவில்லை. ஆறரைக்கு அவள் இன்ஜினை எழுப்பினாள். அவர் கயிற்றை அவிழ்த்தார். படகு கரையை விட்டு விலகியது.

முதல் இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. ஆறு அங்கே அகலம், ஆழம். மிதவைகள் வரிசையாக நிற்கும். இறங்கும்போது சிவப்பு வலக்கைப் பக்கம், பச்சை இடக்கைப் பக்கம், நடுவில் போனால் தூங்கிக்கொண்டே போகலாம். ஆனால் கேப்டனுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒன்பது மணிக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்னால் வந்தவர், கோப்பையைப் பென்சிலம்மாவிடம் நீட்டிக்கொண்டே, இன்றைக்கு டீ கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்கிறதே என்று கவலைப்பட்டார். அவள் சட்டென்று பார்த்தாள். உண்மைதான், காற்றில் படகு இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

பென்சிலம்மா டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பில் ஏதோ எழுதினார். என்ன எழுதுறீங்க என்று கேப்டன் கேட்டார்.

"டீ சாயுதுன்னு நீங்க சொன்னதைத்தான். இன்னொரு தடவை எது சாஞ்சாலும் தேர்வை நிறுத்திடுவேன்."

கேப்டன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் போனார். கழிக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மனுஷனால்தான் குடி முழுகப்போகிறது என்று முணுமுணுத்தாள். உண்மையில் மூழ்கடிக்கப் பார்த்தது அவர் இல்லை, அவளேதான்.

பதினொரு மணி வாக்கில் ஆறு இரண்டு தீவுகளுக்கு நடுவே பிரிந்து, மணல் திட்டுகளுக்குள் வளைந்து வளைந்து ஓடுகிற இடம் வந்தது. இங்கே மிதவைகள் குறைவு. வெள்ளம் வந்துபோகும்போதெல்லாம் மணல் இடம் மாறிவிடும், யாராலும் குறி வைத்து முடியாது. தண்ணீரைப் பார்த்துத்தான் போக வேண்டும். தண்ணீர் பார்ப்பதில் கழிக்காரியை மிஞ்ச ஆள் கிடையாது. சுருக்கம் விழுந்த துணி மாதிரி மேற்பரப்பு சிலிர்த்தால் கீழே மணல். வழவழவென்று எண்ணெய் தடவியது போல் இருந்தால் ஆழம். பதினோரு வருஷமாக அவள் இதைத்தான் படித்தாள்.

ஆனால் படித்ததெல்லாம் முன்முனையில் நின்று. அங்கே நிற்கும்போது முப்பது அடி தள்ளிச் சிலிர்ப்பு தெரிந்தால் அவள் குரல் கொடுப்பாள், கேப்டன் சக்கரத்தைத் திருப்புவார், படகு நழுவிப் போய்விடும். அந்த முப்பது அடி அவள் உடம்பிலேயே ஊறிப் போயிருந்தது. இன்று அவள் நிற்பது பின்னால். அவளுக்கும் முன்முனைக்கும் நடுவே முப்பது அடி இரும்பு இருக்கிறது. சிலிர்ப்பைக் கண்டாள், வழக்கமான தூரம் வரட்டும் என்று காத்தாள். அவள் கண்ணுக்கு அது முப்பது அடியில் வந்தபோது, அது படகின் மூக்குக்குக் கீழேயே வந்திருந்தது.

"நாலடி," என்றார் கேப்டன் முன்னாலிருந்து. "மூணரை. மூணு." கடைசி எண்ணை அவர் சொன்ன குரலே வேறாக இருந்தது. படகு மூன்றடி ஆழத்தில் மிதக்கும் படகு.

அவள் சக்கரத்தை முழுக்க ஒடித்தாள். படகு சோம்பேறித்தனமாகத் திரும்பத் தொடங்கி, பாதியில் ஒரு பெருமூச்சு விட்டது போல் நின்றது. சமையல் மேடையிலிருந்து ஒரு டம்ளர் உருண்டு விழுந்தது. வேறு சத்தம் இல்லை. மணலில் ஏறிவிட்டது.

அடுத்து நடந்தது ஒரு நொடி. கேப்டன் கழியைப் போட்டுவிட்டுத் தளத்தில் ஓடி வந்தார், சக்கர அறைக்குள் புகுந்தார், பின்னோக்கி முழு வேகம் கொடுக்க லீவரை நோக்கிக் கை நீட்டினார். யோசித்துச் செய்ததில்லை. பதினோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. அவள் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள். லீவருக்கும் அவர் விரலுக்கும் நாலு விரற்கடைதான் இருந்தது. முக்காலியில் இருந்த பென்சிலம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"தொடாதீங்க. முன்னால போங்க."

கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷம். என்னங்க, இப்படிச் செய்யலாமா, அப்படிப் பார்க்கலாமா என்று எத்தனையோ சொல்லியிருக்கிறாள். போங்க என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கேப்டன் அவள் முகத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருப்பது அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கையை உருவிக்கொண்டார். முன்னால் போனார்.

அவள் பின்னோக்கி வேகம் கொடுக்கவில்லை. இன்ஜினையே நிறுத்தினாள். காரணம் இருந்தது. மணலில் ஏறும்போதெல்லாம் கேப்டன் ஆங்காரமாகப் பின்னோக்கி முறுக்குவார். படகு வந்துவிடும், ஆனால் இன்ஜினைக் குளிர்விக்க உறிஞ்சும் தண்ணீரோடு அரை வாளி மணலும் உள்ளே போகும். அந்த மணலை வடிகட்டியிலிருந்து நகத்தால் நோண்டி எடுத்தவள் யார்? அவர் கரையில் நாலு பேரிடம் எப்படி மீட்டேன் என்று வீரப்பிரதாபம் அளந்துகொண்டிருப்பார். இவள் இன்ஜின் அறையில் குப்புறப் படுத்துக் கிடப்பாள்.

செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகத் தெரிந்தது. கழியை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி ஆறு இடத்தில் குத்திப் பார்த்தாள். மூக்கு மட்டும்தான் மணலில். பின்புறம் இடக்கைப் பக்கம் ஐந்தடி. அப்படியானால் வந்த வழியே, கொஞ்சம் இடது பக்கமாகப் பின்னால் இழுத்தால் போதும். தண்ணீரின் ஓட்டம்தான் படகை மேலும் மேலும் மணலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. நேரம் போகப் போக இன்னும் இறுகும்.

முன்னால் இருந்த கனத்தையெல்லாம் பின்னால் கொண்டுவரச் சொன்னாள். எட்டுத் தண்ணீர் கேன், இரண்டு கேஸ் சிலிண்டர், நங்கூரச் சங்கிலி. கேப்டன் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். மூன்றாவது நடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், நிற்கவில்லை. தையல் மெஷினைக் கழிக்காரியே தூக்கி வந்தாள். பென்சிலம்மாவையும் பின்தளத்தில் போய் உட்காரச் சொன்னாள். அவர் தன் எடையும் கணக்கில் சேர்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாமல், கோப்பை அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

பிறகு துடுப்புப் படகை இறக்கி, நங்கூரத்தை அதில் வைத்து, கேப்டனை ஏற்றிவிட்டாள். ஓட்டத்துக்கு எதிரே நூறு அடி துடுப்புப் போட்டுப் போய் ஆழத்தில் நங்கூரத்தைப் போட வேண்டும், அதன் கயிற்றைப் பிடித்துப் படகைப் பின்னால் இழுக்க. அவருக்குத் தோளில் வலு உண்டு. ஆனால் எங்கே போகிறோம் என்று தெரியாது. பின்தளத்தில் நின்று அவள் குரலால் ஓட்டினாள். இடது கை கொஞ்சம் பலமா, இப்ப ரெண்டும் ஒண்ணா, இன்னும் பத்துத் துடுப்பு, நிறுத்துங்க, போடுங்க. அவர் ஒரு தடவைகூடத் திரும்பி ஏன் என்று கேட்கவில்லை. நங்கூரம் தண்ணீரில் விழுந்த சத்தம் அவள் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அவர் திரும்பி வந்ததும், நங்கூரக் கயிற்றைப் பின்தளத்துக் கைச்சுழற்றியில் சுற்றி இருவரும் மாறி மாறி இழுத்தார்கள். கயிறு விறைத்தது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைப் பிழிந்து விட்டது, படகு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அரை மணி நேரம். முக்கால் மணி நேரம். கேப்டனின் உள்ளங்கை உரிந்துபோயிற்று. இன்ஜினை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கத் துடித்தது அவர் வாய், அது அவர் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது. கேட்கவில்லை. அவளும் மனம் மாறவில்லை. தலைகீழாக நின்றாலும் இன்ஜினைப் போடப் போவதில்லை, இன்னும் இரண்டு சுற்று, இன்னும் இரண்டு சுற்று என்று தனக்கே சொல்லிக்கொண்டு சுற்றினாள். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பின்புறம் மெல்ல ஆடியது. அப்புறம் முழுப் படகும் வெண்ணெயில் கத்தி போல் வழுக்கிக்கொண்டு வந்தது.

கேப்டன் ஓவென்று கத்தினார். பென்சிலம்மா கூடக் கை தட்டப் போய், ஞாபகம் வந்து, பென்சிலை எடுத்துக்கொண்டார்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விட்டது. இன்னும் ஐம்பத்தாறு கிலோமீட்டர். ஆறு மணிக்குச் சூரியன் மறையும். தண்ணீரின் ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டால் மணிக்குப் பன்னிரண்டு ஓடும் படகு. கணக்குப் போட்டால் கொஞ்சம் மிச்சம் இருந்தது, மணலில் இன்னொரு தடவை உட்கார மட்டும் இடமில்லை. அவள் கையைக் கழுவினாள், நின்றபடியே ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டாள், சக்கரத்தைப் பிடித்தாள். இந்தத் தடவை முப்பது அடியை மறந்தாள். எண்பது அடியில் பார்த்தாள், நூறு அடியில் பார்த்தாள், வளைவுக்கு அப்பால் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே யோசித்தாள். சிலிர்ப்பு தெரிந்த உடனே, அவசரமே இல்லாத நேரத்தில், சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். படகு சொன்ன பேச்சைக் கேட்டது.

கடைசி மணல் திட்டைத் தாண்டியபோது அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. தப்பித்தோம் என்கிற நிம்மதி இல்லை அது. பதினோரு டன் இரும்பு, ஓடுகிற ஆறு, எதிர்க் காற்று, இத்தனையும் தன் இரண்டு கைக்குள் அடங்கி நிற்கிற சந்தோஷம். பதினோரு வருஷம் இதை இந்த மனுஷன் ஒருவரே வைத்துக்கொண்டிருந்தாரே, ஒரு நாளாவது இப்படி இருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னாரா? அவருக்காக ஓட்டுகிறேன் என்று மகனிடம் சொன்னது பொய் என்று அப்போது தெரிந்தது. அவளுக்கு இந்தச் சக்கரம் வேண்டும். அவளுக்கே வேண்டும். அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

மூன்று மணிக்கு மேல் எதிர்க் காற்று பலத்தது. தண்ணீர் முன்முனையில் அடித்துச் சிதறியது. வேகம் பதினொன்றுக்கு இறங்கியது, ஒரு கட்டத்தில் பத்துக்கு. கணக்கில் இருந்த மிச்சம் கரைந்தது. அவள் காற்று தணிவாக இருக்கிற கரையோரம் தேடி, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறி மாறிப் போனாள். கேப்டன் முன்னாலேயே நின்றார், மழைக்கோட்டின் வழியாகத் தண்ணீர் சொட்ட, ஆழத்தை மட்டும் சொல்லிக்கொண்டு. உள்ளே வாங்க, இங்கே ஆழம்தான் என்று அவள் சொல்லியும் வரவில்லை. வேலையாளின் வேலையைக் குறை வைக்காமல் செய்கிறாராம்.

ஐந்தே காலுக்குக் காற்று ஓய்ந்தது. நகரத்துக்கு முன்னால் ஒரே ஒரு திருப்பம் பாக்கி. மேற்கே ஓடி வந்த ஆறு அங்கே பெரிதாக ஒரு வளைவு போட்டுத் தெற்கே திரும்பும். திரும்பியதும் படகுத்துறை. பென்சிலம்மா குளிர் தாங்காமல், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே அறைக்கு இறங்கினார். படிக்கட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

கேப்டன் அப்போதுதான் பின்னால் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். அவள் பக்கத்தில் நின்றார். முன்னால் தண்ணீர் முழுக்க வெயில் பளபளத்தது.

"இந்தத் திருப்பத்தை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சீட்டு தன்னுடையதுதான் என்றார். அந்தம்மா சட்டை மாட்டிக்கொண்டு வர ஐந்து நிமிஷமாவது ஆகும், அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். குரல் தழைந்து போயிருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் எதையாவது இப்படிக் கெஞ்சிக் கேட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"இன்னிக்கப்புறம் எனக்கு இது கிடையாதும்மா. சாகிற வரைக்கும் கிடையாது. ரெண்டே நிமிஷம்."

கொடுத்தால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? ஆழமான ஆறு, அகலமான திருப்பம், எத்தனையோ தடவை அவர் எடுத்த திருப்பம். அவளுக்குச் சக்கரத்தின் மீது ஆசை வந்து அரை நாள்தான் ஆகிறது, அதற்கே விட மனசில்லை. அவருக்குப் பதினோரு வருஷம். கையை எடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள், பொய் சொல்வானேன். ஆனால் வெயில் நேர் எதிரே கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. அந்தப் பளபளப்புக்குள் கரையோரமாக ஒரு மீன்பிடிப் படகு கறுப்பாக நின்றது, அதில் இரண்டு பேர் குனிந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தாள். அவர் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"மாட்டேன்," என்றாள். "கயிறு எடுத்து வைங்க. துறை வந்துடுச்சு."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள், அழுதால் எதிரே தெரியாது. பிறகு அவர் காலடிச் சத்தம் முன்னால் போவது கேட்டது. மீன்பிடிப் படகைச் சுற்றி விலகிப் போகச் சக்கரத்தைத் திருப்பினாள். வலைக்காரர்களில் ஒருவர் நிமிர்ந்து கை ஆட்டினார். கம்பளிச் சட்டையோடு பென்சிலம்மா மேலே வந்து முக்காலியில் உட்கார்ந்தபோது, திருப்பம் முடிந்து துறையின் விளக்குக் கம்பங்கள் தெரிய ஆரம்பித்திருந்தன.

ஆற்றோடு வருகிற படகை அப்படியே துறையில் ஒட்ட முடியாது, ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். துறையைத் தாண்டிப் போய், அரைவட்டம் அடித்து, மூக்கை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஓட்டமும் இன்ஜினும் சமமாக நிற்கிற இடத்தில் பக்கவாட்டில் நழுவ வேண்டும். இதை ஆயிரம் தடவை முன்னாலிருந்து பார்த்திருக்கிறாள், ஒரு தடவையும் செய்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். படகு துறைச் சுவரின் பழைய டயர்களில் உரசி, ஒரு தடவை துள்ளி, நின்றது. கேப்டன் கயிற்றோடு இறங்கினார், கயிறு கட்டும் இரும்புக் குமிழைக் கையால் தடவிக் கண்டுபிடித்துக் கட்டினார், பின் கயிற்றையும் வாங்கிக் கட்டினார். சூரியன் மறைய ஒன்பது நிமிஷம் இருந்தது.

பென்சிலம்மா நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார், அவளை இரண்டு இடத்தில் போடச் சொன்னார்.

"மணல்ல ஏத்தினதுக்கு மார்க்கைக் குறைச்சிருக்கேன். இறக்கினதுக்குக் கூட்டியிருக்கேன். சீட்டைக் காலைல பத்து மணிக்கு ஆபீஸ்ல வந்து வாங்கிக்குங்க."

அவ்வளவுதான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கேப்டனுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, துறைப் படிகளில் ஏறிப் போய்விட்டார். அவருடைய டீ கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கழிக்காரி இறங்கி வந்தாள். கேப்டன் இரும்புக் குமிழின் மேல் உட்கார்ந்து, மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உரிந்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் போய் நின்று, கோபமா என்று மட்டும் கேட்டாள். அவர் ஒரு சுற்று சுருட்டினார், இன்னொரு சுற்று சுருட்டினார்.

"நீ மட்டும் அங்க சக்கரத்தைக் குடுத்திருந்தா, நாளைலேர்ந்து உன்னை நம்பிப் படகுல உக்கார எனக்குப் பயமா இருந்திருக்கும்."

அவளுக்குச் சுரீரென்றது. மாட்டேன் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல என்ன பாடுபட்டாள், நெஞ்சே வெடித்துவிடும் போல் இருந்ததே. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

கேப்டன் தலையை ஆட்டினார். அவர் முகம் ஆற்றின் பக்கம் இருந்தது.

"இல்லம்மா," என்றார். "நெஜமாத்தான் கேட்டேன்."

அவள் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, துணி சுற்றிய கையை அவள் தலையில் வைத்தார், அவள் அழுது முடிக்கும் வரைக்கும் எடுக்கவில்லை.